ஓராசிரியர் பள்ளியின் பதிவேடு

1984 ஜூனில் எனக்கு முதல் பணி நியமனம். மலையடிவாரத்தில் ஓர் ஓராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பும் ஓடு வேய்ந்த ஒரே அறையில். தலைமையாசிரியரும் நானே, மணி அடிப்பதும் நானே.

ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எழுதிப்போட்டுவிட்டு மூன்றாம் வகுப்பிடம் போவேன். அதற்குள் ஒன்றாம் வகுப்பு கலைந்துவிடும். பத்து வயதுப் பெண் ஒருத்திதான் அவர்களை உட்காரவைத்து, விரலைப் பிடித்து மணலில் 'அ' போடவைப்பாள். நாலாம் வகுப்பிடம் எட்டாம் வாய்ப்பாடு கேட்டால் இரண்டாம் வகுப்புப் பையன் முந்திக்கொண்டு சொல்வான். காதில் விழுந்தே கற்றுக்கொண்டது. தனித்தனி வகுப்பறைகளில் அதை நான் பார்த்ததில்லை.

திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் செய்ததும் அந்தப் பெண் செய்ததைத்தான். சென்னையில் சிறுவர் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் விடுதிக்கும் கொண்டுபோனார். மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைப் பற்றி 1797இல் அவர் எழுதிய நூலுக்குப் பின், 'மெட்ராஸ் முறை' என்றே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் இதுவும் நினைவுக்கு வரும்.

1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். எங்களுக்கும் சில ஆண்டுகளில் கான்கிரீட் கட்டடம் கிடைத்தது. பழைய அறை சத்துணவு விறகுக்கு என்று ஆனது.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். எங்கள் அறையும் பட்டியலில் இருந்தது. பிள்ளைகளின் உயிருக்கு முன்னால் வேறு பேச்சே இல்லை. ஆனாலும் கொத்தனார் சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது. "சுண்ணாம்புச் சுவர் சார் இது. மேல சிமெண்ட் பூசிட்டாங்க. உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம அடியில கரைஞ்சுபோச்சு." மறுபடி சுண்ணாம்பையே பூசியிருக்கலாம். கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இடிப்பதற்கு முதல் நாள் அலமாரியிலிருந்து சேர்க்கை நீக்கல் பதிவேட்டை எடுத்தோம். ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. முதல் பதிவு 1957, காமராஜர் ஆட்சியில். பிறந்த தேதிப் பத்தியில் பாதிக்கு மேல் மே, ஜூன்தான். "ஆடிப்பெருக்குக்கு முந்தின வாரம் பொறந்தான்" என்பார்கள். ஐந்து வயது நிரம்பும்படி நாங்களே ஒரு தேதி எழுதுவோம். 1957இல் தந்தையின் கைநாட்டுக்கு நேரே பெயர் ஏறிய ஒரு பையன், 1985இல் தன் மகனைச் சேர்த்து அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதைப் போன்ற ஊர் வரலாறு வேறெங்கும் இல்லை. கட்டடத்தைக் காக்க முடியாத ஊர்கள் இதையாவது காக்க வேண்டும்.

இப்போது நானும் இன்றைய தலைமையாசிரியையும் சனிக்கிழமைகளில் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறோம். போன வாரம் அந்தப் பெண்ணின் பெயர் வந்தது. நீக்கல் காரணம் என்ற கட்டத்தில், என் கையெழுத்தில், 'ஆடு மேய்க்க'.