அப்பம்மாவின் காணி

கொழும்பு வெள்ளவத்தையில் அப்பம்மாவின் பெயரில் இருந்த காணி இப்போது யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் பெயரில். காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்த்தபோதுதான் தெரியவந்தது. அற்றோர்ணி தத்துவம் ஒன்றை, அதாவது தனக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை, காட்டி விற்றிருக்கிறார்கள். அதில் அப்பம்மா ஆங்கிலத்தில் வளைத்து வளைத்துக் கையெழுத்து வைத்திருக்கிறாராம்! ஆயுள் முழுக்கத் தமிழில்தான் வைத்தார், அதுவும் கடைசி எழுத்துக்குக் குற்றுப் போடாமல். தத்துவத்தின் திகதியோ அவருடைய செத்தவீட்டுக்குப் பிறகு.

1840ஆம் ஆண்டுச் சட்டப்படி காணி உறுதிக்கு (காணிப் பத்திரத்துக்கு) நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். இந்த விற்பனை உறுதியில் எல்லாம் ஒழுங்காக உண்டு, சாட்சிகள் யாரென்றுதான் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பதிந்துவிட்டால் மட்டும் கள்ள உறுதி நல்ல உறுதி ஆகிவிடாது. ஆனால் அதை நாங்கள்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

கனடாவில் இருக்கிற சித்தப்பா “விடு மகன், வழக்கு பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் இழுபடும்” என்கிறார். சரி, இழுபடட்டும். சும்மா இருந்தால் காணியை 10 வருடம் தங்கள் கையில் வைத்திருந்ததைக் காட்டியும் உரிமை கேட்பார்கள். பொலிசில் முறைப்பாடு கொடுத்தாயிற்று, மாவட்ட நீதிமன்ற வழக்குக்குச் சட்டத்தரணியும் பிடித்தாயிற்று.

மச்சாள்மாரே, அப்பம்மா கையெழுத்து வைத்த பழைய கடிதம், வங்கிப் புத்தகம் ஏதும் இருந்தால் எறிந்துவிடாதீங்கோ. ஒப்பிட்டுப் பார்க்க மூலப்பிரதிதான் வேண்டுமாம், போட்டோ சரிவராது.