ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை

இந்த வருடம் ஜெர்மனியில் நான் இருக்கும் கெம்னிட்ஸ் நகரத்துக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகள் ஒவ்வொருவராக மெசேஜ் அனுப்புகிறார்கள். குக்கர் கொண்டு வரலாமா, புளி எத்தனை கிலோ, ஸ்வெட்டரை அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா என்றெல்லாம் கேட்கிறார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கிழமை வந்து சேருகிறாய்?

நான் வந்தது 2024 செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமை. பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, லைப்சிக்கில் ரயில் மாறி, இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஹாஸ்டல் அறைக்கு வரும்போது இரவு பத்தரை. காலையில் பாலும் முட்டையும் வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் போனால் கடை பூட்டிக் கிடக்கிறது, அடுத்த கடையும் அப்படியே, தெருவில் ஆளே இல்லை, எங்கோ ஊரடங்கு போட்டுவிட்டார்களோ என்று பயந்துவிட்டேன். அரை மணி நேரம் நடந்து நகர மையத்துக்கு வந்தால் அங்கே கார்ல் மார்க்ஸின் தலை மட்டும் நிற்கிறது. தலை மட்டுமே 7 மீட்டர் உயரம், கீழே பெரிய பீடம். 1953 முதல் 1990 வரை இந்த ஊருக்கே கார்ல் மார்க்ஸ் நகரம் என்றுதான் பெயர். அதை நிமிர்ந்து பார்க்கக்கூடத் தெம்பில்லாத பசி. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் ரொட்டி கிடைத்தது. மாதம் 934 யூரோவுக்குள் வாழ வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்தவனுக்கு அந்த ரொட்டியின் விலையைத் தொண்ணூறால் பெருக்கிப் பார்க்காமல் சாப்பிட முடியவில்லை.

ஞாயிறு ஓய்வு நாள் என்பது இங்கே வெறும் பழக்கம் இல்லை, அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1919-ல் எழுதிய வைமார் அரசியலமைப்பின் 139-ஆம் பிரிவை இன்றைய சட்டத்திலும் அப்படியே சேர்த்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரிய வந்தது மூன்றாவது ஞாயிறு. சேர்ந்துபோன ஊறுகாய் பாட்டில்களைத் தெருமுனையில் பழைய கண்ணாடி பாட்டில்களைப் போடும் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கண்ணாடி தனி, பச்சை தனி, பழுப்பு தனி, எல்லாம் சரியாகத்தான் போட்டேன். எதிர் வீட்டிலிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்து, "ஹாய்ட்டே இஸ்ட் சொன்டாக்!" என்று தொட்டியில் ஒட்டியிருந்த நேரப் பலகையைக் காட்டினார். இன்றைக்கு ஞாயிறு, சத்தம் போடாதே என்கிறார். அவர் அதட்டியது கூடப் பரவாயில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் பாட்டி என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் இல்லையே, அதுதான் அன்றைக்கு முழுக்க நெஞ்சில் கிடந்தது. அடுத்த நாளே ஜெர்மன் வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

கரூரில் எங்கள் வீட்டில் ஞாயிறுதான் வாரத்திலேயே சத்தமான நாள். ஏழு மணிக்குக் கறிக்கடை வரிசை, அப்புறம் அம்மியும் மிக்ஸியும், பக்கத்து வீட்டு டிவி. அம்மா பன்னிரண்டு மணிக்குக் குழம்பை இறக்கிவிட்டு வீடியோ காலில் காட்டுவார், எனக்கு அப்போது காலை எட்டரை. அக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்காலத்துக்காக, இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள், அம்மாவின் பன்னிரண்டு எனக்கு ஏழரை ஆகிவிட்டது. டிசம்பரில் அந்நேரம் வெளியே சரியாக விடிந்தே இருக்காது. சாயங்காலம் நாலரைக்குள் மறுபடி இருட்டிவிடும். அந்த நாட்களில் ஞாயிறு வருகிறதென்றால் சனிக்கிழமையே வயிற்றைப் பிசையும். இதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை.

மாறத் தொடங்கியது டிசம்பர் முதல் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை இங்கே ஒவ்வொரு மெழுகுவத்தியாக ஏற்றிக் கொண்டாடுகிறார்கள். இது எர்ட்ஸ்கெபிர்கே மலையடிவாரம், பழைய சுரங்கப் பகுதி. ஜன்னலுக்கு ஜன்னல் மரத்தால் செய்த விளக்கு வளைவு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். இருட்டோடு சுரங்கத்தில் இறங்கி இருட்டிலேயே வீடு திரும்பியவர்களுக்காக வைத்த வெளிச்சம் என்று சொல்வார்கள். அன்றைக்கு நூலகத்திலிருந்து திரும்பும்போது தெரு முழுக்க வளைவுகள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டு வாரத்துக்குள் கார்த்திகை தீபம் வந்தது. அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய இரண்டு அகலை ஜன்னல் ஓரத்தில் ஏற்றிவிட்டு, அணையும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது சனிக்கிழமை மதியத்துக்குள் வாரத்துக்கான காய், பால் எல்லாம் வந்துவிடும். அன்றைக்கே மாவு அரைத்து ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிடுவேன், குளிரில் வேறெங்கே வைத்தாலும் பொங்காது. ஞாயிறு காலை இட்லி, நான்கைந்து பேர் வருவார்கள்.

இந்த முறை வருகிற தம்பி ஒருவனும் சனிக்கிழமை ராத்திரிதான் வந்து சேருகிறானாம். அவன் அறைச் சாவியோடு ஒரு ரொட்டி, ஒரு லிட்டர் பால், ஆறு முட்டை வாங்கி வைக்க வேண்டும்.