விட்டுப்போன வரிகள்

"மூன்று வேளை, அளவாக" என்று இன்றைய சாப்பாட்டுக் கணக்கை எழுதி முடித்தேன். எட்டிப் பார்த்த மகள் கேட்டாள்:

"என் தட்டுல மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டியேம்மா, அதை எழுதலையா?"

பேனா நின்றுவிட்டது.

ருசி பார்க்க அள்ளிய கரண்டிகள், பாத்திரம் கழுவுமுன் நின்றபடியே வாயில் போட்டவை... எதுவும் கணக்கில் இல்லை. மறைக்கவில்லை, சத்தியமாக நினைவே இல்லை.

1992இல் வெளியான ஓர் ஆய்வு. எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்றவர்களை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். உடல் எரிக்கும் கலோரி இயல்பாகவே இருந்தது.

எடை இறங்கவில்லையே என்று இத்தனை மாதம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். திட்டியதில் எதையும் பார்க்கவில்லை.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுதினேன்.

ஏழு வரி வந்தது.