பாப்பா இன்ஜினியரிங் கவுன்சிலிங்: ஆள் வைக்கலாமா வேணாமா

மே 11, ஞாயிறு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து போன் ஓய மாட்டேங்குது. சொந்தக்காரங்க பாதி, "மேடம் உங்க பொண்ணுக்கு சீட் ரெடியா இருக்கு"ன்னு பேசறவங்க பாதி, என் நம்பர் இவங்களுக்கெல்லாம் யாரு குடுத்தாங்களோ. பாப்பா கணக்குல 88, பிசிக்ஸ் 82, கெமிஸ்ட்ரி 85. கணக்க அப்படியே வச்சுக்கினு மத்த ரெண்டையும் பாதியாக்கி கூட்டினா 200க்கு 171.5, இதத்தான் கட்ஆஃப்னு சொல்றாங்க. ரொம்ப ஒசத்தியும் இல்ல, மட்டமும் இல்ல. இந்த மாதிரி நடுவுல நிக்கற மார்க்குக்குத்தான் ஆளாளுக்கு யோசனை சொல்றாங்க, 198 எடுத்த வீட்டுக்கு ஒருத்தரும் போறதில்ல.

"வேலூர்ல பக்கத்துலயே விஐடி இருக்கே"ன்னு வேற கேக்கறாங்க. அதுக்கு தனி என்ட்ரன்ஸ், இவ எழுதவே இல்ல, எழுதியிருந்தாலும் ரேங்க் நல்லா வரலன்னா அந்த ஃபீஸ நாங்க எங்க இருந்து கட்டறது.

சாயந்திரம் நாத்தனார் வந்தாங்க. போன வருஷம் அவங்க பையனுக்கு கன்சல்டன்ட் வச்சுத்தான் சாய்ஸ் போட்டாங்களாம், அதாவது எந்த காலேஜ், எந்த கோர்ஸ் வேணும்னு வரிசையா குடுக்கற லிஸ்ட். "நீ ஒண்டியா இத பண்ணாத, கடைசில அழுவ"ன்னு சொல்லி நம்பர் குடுத்துட்டு போனாங்க. எங்க வீட்டுக்காரரு, இவரு ஒண்ணும் பேசல, டிவி பாத்துக்கினு இருந்தாரு.

மே 14

கம்பெனில பர்மிஷன் போட்டுட்டு ராணிப்பேட்டைல இருந்து நேரா அந்த ஆபீசுக்கே போயிட்டேன். ஏசி ரூம், சுவர் முழுக்க பசங்க போட்டோ. உக்காந்திருந்தவரு மரியாதையாத்தான் பேசினாரு, அத சொல்லணும். பேக்கேஜ் 18,000 ரூபா, பாதி இப்ப, மீதி அலாட்மென்ட் வந்த அப்பால. அதுக்கு இன்னா பண்ணுவீங்கன்னு கேட்டேன். சாய்ஸ் லிஸ்ட் போட்டு தருவாராம், ரவுண்டு முடியற வரைக்கும் போன்ல இருப்பாராம், வார்த்தைக்கு வார்த்தை ஸ்ட்ராட்டஜி ஸ்ட்ராட்டஜின்னாரு. பெரிய காலேஜ மேல போட்டா நம்ம சான்ஸ் வேஸ்ட்டாயிடும், நம்ம மார்க்குக்கு தகுந்த எடத்துலதான் லிஸ்ட்ட ஆரம்பிக்கணும்னு சொன்னாரு. கேக்கறப்ப சரியாத்தான் பட்டுச்சு.

லாகின், பாஸ்வேர்ட் எல்லாம் அவங்களே வச்சுப்பாங்களாம், ஓடிபி வந்தா நான் சொன்னா போதுமாம். யோசிச்சு சொல்றேன்னு வந்துட்டேன். பஸ்ல வர்றப்ப முழுக்க அந்த ஓடிபிதான் மண்டைக்குள்ள ஓடுச்சு.

மே 17

இன்னொருத்தரு வீட்டுக்கே வந்தாரு. அவரு ஃப்ரீயாம், ஒரு பைசா வேணாமாம், "சேவை மாதிரி பண்றோம் மேடம்". டீ குடிச்சுட்டு நாலு காலேஜ் பேரு சொன்னாரு, நாலும் நான் கேள்விப்படாத பேரு. கவுன்சிலிங்குக்கு எதுக்கு காத்துக்கினு இருக்கீங்க, காலேஜே நேரா குடுக்கற மேனேஜ்மென்ட் கோட்டால இப்பவே அட்வான்ஸ் கட்டி சீட்ட பிடிச்சுடுங்கன்னாரு.

அவரு போனதும் இவரு வாயத் தொறந்தாரு. லாங் பஜார்ல ஒரு மண்டில இவரு கணக்கு எழுதறாரு, தரகு பேச்சு வந்தா மட்டும் வீட்ல பேசுவாரு. "மண்டில ரெண்டு பக்கமும் தரகு வாங்கறவன் இருக்கான், வாங்கறவன்கிட்ட ஒரு வெல பேசுவான், விக்கறவன்கிட்ட ஒரு வெல பேசுவான். இவன் நம்மகிட்ட துட்டு வாங்கலன்னா யாருகிட்ட வாங்கறான்னு பாரு"ன்னாரு. அதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணியும் இல்ல. அந்த நாலு காலேஜ் பேரும் எங்க இருந்து வந்துச்சுன்னு அப்பவே புரிஞ்சுடுச்சு.

இதுல இன்னொரு விஷயம். இவரு டிகிரி இல்ல, நான் பிளஸ் டூவோட நின்னுட்டேன், எங்க குடும்பத்துல டிகிரி முடிச்சவங்களே கிடையாது, அதனால பாப்பாவுக்கு முதல் பட்டதாரி ஃபீஸ் சலுகை உண்டு. அது கவுன்சிலிங்ல எடுத்த சீட்டுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுல போனா அதுவும் போச்சு. சேவை பண்ண வந்தவரு இத மட்டும் சொல்லவே இல்ல பாருங்க.

மே 24

கம்பெனில எங்க எம்டி பையன் அமெரிக்கால படிக்கப் போறதுக்கு இப்பவே ரெடியாகறானாம். அதுக்கு மெட்ராஸ்ல ஒரு கவுன்சிலர், ஃபீஸ் லட்சத்துல. லஞ்ச்ல எல்லாரும் சிரிச்சோம். அப்பறம் அவங்க வேலை வேலைன்னு சொல்றது இன்னான்னு கேட்டு பாத்தா சிரிப்பு நின்னுடுச்சு. அங்க காமன் ஆப்னு ஒரு பொது அப்ளிகேஷன், அதுல 20 காலேஜ் வரைக்கும் போடலாம், 650 வார்த்தைக்குள்ள தன்ன பத்தி ஒரு கட்டுரை எழுதணும், டீச்சருங்க லெட்டர் குடுக்கணும், ஸ்கூலுக்கு வெளிய இன்னா பண்ணினான்னு காட்டணும். மனுஷங்க உக்காந்து அத படிச்சு பாத்து முடிவு பண்றாங்க. அப்ப அந்த கட்டுரைய இப்படி எழுது, இந்த காலேஜுக்கு இத சொல்லுன்னு கூட இருந்து பாக்கறவங்களுக்கு நெஜமாவே வேலை இருக்கு. அந்த துட்டு நியாயமா இல்லையான்னு அவங்க வீட்டு கணக்கு.

நம்ம ஊர்ல? கவுன்சிலிங்குக்கு 2007ல இருந்து என்ட்ரன்ஸே இல்ல. கம்ப்யூட்டருக்கு தெரியறது கட்ஆஃப், கம்யூனிட்டி, ரேங்க், நாம போட்ட லிஸ்ட், அவ்ளோதான். பாப்பா கோலப்போட்டில வாங்கின கப்பு, அவ நல்ல பொண்ணுன்னு கெமிஸ்ட்ரி டீச்சர் சொன்னது, எதுவும் அதுக்கு தெரியாது. மார்க்க மாத்த முடியாது, கம்யூனிட்டிய மாத்த முடியாது. மீதி இருக்கறது லிஸ்ட் ஒண்ணு. 18,000 அந்த லிஸ்ட்டுக்கா?

ஜூன் 2

இ-சேவைல முதல் பட்டதாரி சர்டிபிகேட் வந்துடுச்சு. கவுன்சிலிங் ரிஜிஸ்ட்ரேஷன் 500 ரூபா கட்டி முடிச்சாச்சு. சந்தேகம் கேக்க பாகாயம் தந்தை பெரியார் காலேஜ் ஹெல்ப் சென்டருக்கு நானும் பாப்பாவும் போனோம். சத்துவாச்சாரில இருந்து பஸ்ஸு மாறி போறதுக்குள்ள வெயில்ல வெந்துட்டோம்.

அங்க ஒரு சார்கிட்ட கன்சல்டன்ட் சொன்னத அப்படியே கேட்டேன், பெரிய காலேஜ மேல போட்டா சான்ஸ் வேஸ்ட்டான்னு. அவரு தலைல அடிச்சுக்காத கொற. "யம்மா, உங்க பொண்ணு ரேங்க் வர்றப்ப கம்ப்யூட்டர் லிஸ்ட்ட மேல இருந்து பாத்துக்கினே வரும். எது மொதல்ல காலியா இருக்கோ அத குடுத்துடும். மேல இருக்கறது கிடைக்கலன்னா அதனால கீழ இருக்கற எதுவும் போகாது. புடிச்சத மேல போடுங்க, எத்தனை வேணா போடுங்க, போகவே மாட்டேன்னு தெரிஞ்ச காலேஜ மட்டும் போடாதீங்க, ஏன்னா வந்துடும்." பாஸ்வேர்ட யாருக்கும் குடுக்காதீங்கன்னும் சொன்னாரு.

நாலே வாக்கியம். ஸ்ட்ராட்டஜி முடிஞ்சுடுச்சு.

ஜூன் 12

ரேண்டம் நம்பர் வந்திருக்கு, பத்து இலக்கம். மார்க்கு, பொறந்த தேதி எல்லாம் ரெண்டு பேருக்கு ஒண்ணா இருந்தாத்தான் இது வேலைக்கு வரும்னு எவ்ளோ சொல்லியும் மாமியார் நம்பர துண்டு சீட்டுல எழுதி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு எடுத்துக்கினு போயிட்டாங்க.

ஜூன் 28

ரேங்க் லிஸ்ட் வந்துடுச்சு. ரேங்க் வரிசைல பிரிச்சு ரவுண்டு ரவுண்டாத்தான் கூப்பிடுவாங்க, நாங்க செகண்ட் ரவுண்டுலதான் வருவோம்.

ராத்திரி போன வருஷ கட்ஆஃப் பாத்துக்கினு இருந்தேன், எந்த காலேஜ்ல எந்த கோர்ஸ் எந்த கம்யூனிட்டிக்கு எவ்ளோல முடிஞ்சுதுன்னு சைட்லயே இருக்கு. பாத்துக்கினே இருக்கறப்ப நாத்தனார் பையன் ஞாபகம் வந்துச்சு. அவன் மார்க் எனக்கு தெரியும், சேந்த காலேஜும் தெரியும். தேடி பாத்தா அந்த சீட் அவன் மார்க்க விட ஆறு மார்க் கம்மில முடிஞ்சிருக்கு! யாரு லிஸ்ட் போட்டிருந்தாலும் கிடைச்சிருக்கும். அதுக்கு மேல இருந்த நல்ல காலேஜ் ரெண்டுலயும் அவன் மார்க்குக்கு சீட் இருந்திருக்கு, லிஸ்ட்ல அது இருந்துதான்னு தெரியல. இத நாத்தனார்கிட்ட சொல்லப்போறதில்ல. அவங்க அந்த கன்சல்டன்ட்டுக்கு பழத்தட்டோட போய் நன்றி சொல்லிட்டு வந்தாங்க.

ஜூலை 5

கன்சல்டன்ட்டுக்கு போன் பண்ணி வேணாம் சார்னு சொல்லிட்டேன். 15,000க்கு இறங்கினாரு, அப்பறம் 10,000. அவ்ளோ சட்டுனு இறங்கினதுலயே மீதி சந்தேகமும் போயிடுச்சு. ஆனா ஒண்ணு, மண்டில மூட்ட தூக்கற அண்ணன் ஒருத்தரு, எழுதப்படிக்க தெரியாது, வீட்ல நெட் இல்ல, அவரு பொண்ணுக்கு 2,000 குடுத்து ஒருத்தர வச்சிருக்காரு, அத நான் குத்தம் சொல்ல மாட்டேன். பாகாயம் போனா ஃப்ரீயாவே பண்ணித்தருவாங்கன்னு இவரு மூலமா சொல்லி விட்டிருக்கேன்.

நெஜமான சண்ட வீட்ல இப்பத்தான். இவருக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும், எந்த காலேஜா இருந்தாலும் சரியாம். பாப்பாவுக்கு ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் கோர்ஸ், ஆனா காலேஜ் நல்லதா இருக்கணும். அண்ணா யுனிவர்சிட்டி வெளியிடற பாஸ் பர்சென்ட்டேஜ் பட்டியல எடுத்து வச்சு பாத்தா சில காலேஜ்ல பாதி பேரு கூட பாஸாகல, விளம்பரம் மட்டும் பஸ் ஸ்டாண்டு முழுக்க. அத காட்டினதும் இவரு கொஞ்சம் அடங்கினாரு. எந்த கன்சல்டன்ட்டும் இந்த சண்டைய எங்களுக்காக போட முடியாது.

ஜூலை 27

பாப்பா நோட்டுல எழுதினத நான் எக்செல்ல போட்டேன், அக்கவுன்ட்ஸ்ல குப்ப கொட்டினதுக்கு ஒரு பிரயோஜனம். காலேஜ் பேர வச்சு தேடவே கூடாது, ஒரே மாதிரி பேருல ரெண்டு மூணு இருக்கு, கோட வச்சுத்தான் பாக்கணும். மேல 1, 4ன்னு கோடு இருக்கற அண்ணா யுனிவர்சிட்டி கிண்டி, எம்ஐடியவே பாப்பா போட்டிருக்கா, கிடைக்காதுன்னு தெரியும், போட்டா இன்னா கொறஞ்சிடும். அப்பறம் கோயம்புத்தூரு, சேலம், மெட்ராஸ சுத்தி, கடைசில நம்ம பாகாயம். இவரு கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் அஞ்சாறு நடுவுல இருக்கு. ராத்திரி லாக் பண்ணியாச்சு, ஓடிபி பாப்பா போனுக்குத்தான் வந்துச்சு.

ஜூலை 30

அலாட்மென்ட் வந்துடுச்சு, ஈசிஇ, மெட்ராஸ் பக்கம் ஒரு காலேஜ், லிஸ்ட்ல பதினேழாவது. அதுக்கு மேல ரெண்டு எடம் கொஞ்சத்துல போயிருக்கு, அதனால இந்த சீட்ட வச்சுக்கினே மேல காலியானா பாக்கற ஆப்ஷன் குடுத்திருக்கா. அதுக்கு ஹெல்ப் சென்டர்ல பணம் கட்டணும், நாளைக்கு திரும்ப பர்மிஷன் கேக்கணும், மேனேஜர் மூஞ்சிய நெனச்சாத்தான் கடுப்பா இருக்கு. ஹாஸ்டலா டெய்லி ட்ரெயினான்னு இவரும் பாப்பாவும் இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க.