ஆக்சிஜன் கேட்டேன், கந்தகம் கொடுத்தார்கள்

டைட்டானியம்-நையோபியம்-சிர்கோனியம் கலவையை ஒருவழியாக உருக்கிவிட்டேன். அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏன் இந்தக் கலவை? உடலுக்குள் வைக்கும் இம்ப்ளான்டுக்காகத்தான். இடுப்பு மூட்டில் வைக்கும் டைட்டானியம் 64 (6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் சேர்ந்த கலவை) இருக்கிறதே, அதன் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, 110 கிகாபாஸ்கல் அளவில் இருக்கிறது. எலும்புக்கு 30-ஐத் தாண்டாது. சுமையை உலோகமே வாங்கிக்கொண்டால் சும்மா இருக்கும் எலும்பு மெலிந்து, இம்ப்ளான்ட் ஆட ஆரம்பிக்கும். நையோபியம் சேர்த்தால் குணகம் இறங்கும்.

ஆனால் நையோபியம் லேசில் உருகாது. உருகுநிலை 2477 டிகிரி, அடர்த்தியும் டைட்டானியத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடியில் போய் உட்கார்ந்து, உலைக்குள் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் செம்புத் தட்டில் உருகாமல் அப்படியே கிடக்கும். மெல்லிய தகடாக வாங்கி மேலே வையுங்கள். உருகி உறைந்த சின்னக் கட்டியை (பட்டன் என்போம்) திருப்பிப் போட்டுத் திரும்பத் திரும்ப உருக்குங்கள். அதற்கும் முன்னால் வெறும் டைட்டானியத்தை உருக்கிப் பாருங்கள். அது நீலமோ மஞ்சளோ தட்டினால் எங்கோ காற்று கசிந்து உள்ளே வருகிறது, அன்றைக்கு உலையைத் தொடாதீர்கள்.

சரி, ஆக்சிஜனுக்கு வருகிறேன். அது ஏறினால் கலவை வலுவாகும், ஆனால் வளையாமல் உடையும். 64-இன் மருத்துவ ரகத்துக்கு 0.13 சதவீதம்தான் உச்சம். வெளி ஆய்வகம் ஒன்றின் படிவத்தில் ஆக்சிஜனுக்குக் கட்டமே இல்லை. "கேஸ் அனாலிசிஸ்னு டிக் பண்ணுங்க சார், அதுலயே வந்துடும்" என்றார் கவுன்டரில் இருந்தவர். பணம் கட்டினேன். ரிப்போர்ட்டில் கார்பனும் கந்தகமும்! எஃகு நிறைய வரும் இடம், பழக்கதோஷத்தில், மாதிரியை எரித்துக் கார்பனும் கந்தகமும் பார்க்கும் மெஷினில் போட்டுவிட்டார்கள். மாதிரியும் எரிந்துபோயிற்று.

அதனால் படிவத்தின் ஓரத்தில் "ஆக்சிஜன், மந்த வாயுவில் உருக்கும் முறை" என்று கையால் எழுதுங்கள். மெஷினை ஓட்டுபவரிடமே பேசிவிடுங்கள். என் விஷயத்தில் அவர்தான் கடைசியில் கைகொடுத்தார். வெட்டிய முகத்தை அரத்தால் ராவி, அசிட்டோனில் கழுவிக் கொடுக்கச் சொன்னதும் அவரே. இல்லாவிட்டால் மேலே படிந்த ஆக்சைடும் கணக்கில் சேர்ந்துவிடுமாம்.

இரண்டாவது ரிப்போர்ட் வரம்புக்குள் வந்தது. முதல் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கார்பன் பார்த்துக் குடுத்தோமே சார்" என்கிறார்கள்.