சங்கிலி வால்

செப்டம்பர் 11, 1947, வியாழன்

லூசியானாவின் மார்கன் சிட்டியில் விடியுமுன் படகேறி, மெக்சிகோ வளைகுடாவில் ஷிப் ஷோல் வந்து சேர்ந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை தெரியவில்லை. ஆனால் ஆழம் இருபது அடிகூட இல்லை. அப்பாவுக்கு இது இறால் பிடிக்கிற இடம். "கடலுக்குள்ள கிணறு வெட்டப் போறியா?" என்று சிரித்தார். எண்ணெய்க்குத் துளை போடும் மேடை சின்னது. சாப்பாடு, படுக்கை, குழாய் எல்லாம் பக்கத்தில் கட்டிய பெரிய படகில். போர் முடிந்ததும் கடற்படை கழித்துவிட்ட படகு. நானும் அந்த ரகம்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

புயல் வெள்ளிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் கரையேறிவிட்டது. நாங்கள் பிழைத்தோம்.

செப்டம்பர் 27, சனி

கை நடுக்கம் நிற்கவில்லை. துளைக்குள் நிற்கும் குழாயின் தலையில் முப்பதடிப் புதுக் குழாயை நிறுத்தி, சங்கிலியை வீசுவோம். பாம்பு மாதிரி சுற்றிக்கொள்ளும். இயந்திரம் இழுக்க, குழாய் சுழன்று மரை ஏறும். நடுவில் விரல் சிக்கினால் போச்சு.

புதுப் பயல் லஃபூர்ஷ் ஓடைக்கரைக்காரன். என்னை 'நோங்க்' என்பான், எங்கள் லூசியானா பிரெஞ்சில் மாமா. இன்று சங்கிலி வாலை விடாமல் பிடித்திருந்தான். துளை போடும் வேலையை நடத்தும் டெக்சாஸ்கார ட்ரில்லர் இங்கிலீஷில் கத்தினார். பயல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "லாஷ்! லாஷ்!" என்று அலறினேன், எங்கள் பேச்சில் 'விடு'. விட்டான். கையுறையோடு போயிற்று.

"இங்கே இங்கிலீஷ் மட்டும்தான்," என்றார் ட்ரில்லர் பிறகு.

பள்ளியில் இங்கிலீஷ் மட்டும்தான் என்ற 1921 சட்டத்துக்குப் பின் பள்ளிக்குப் போனவன் நான். 'பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று எழுதி எழுதி விரல் வீங்கியிருக்கிறது. அதே பேச்சுக்காகத்தான் 1944-ல், நார்மண்டியில், கேப்டன் என்னை ஜீப்பில் பக்கத்தில் உட்காரவைத்தார். பால் கொடுத்த கிழவி, நான் 'இப்போது' என்பதற்கு 'அஸ்தர்' என்றதும், "எங்க பாட்டி இப்படித்தான் பேசுவா" என்று கன்னத்தைத் தொட்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

எண்ணெய் கிடைத்ததிலிருந்து ஊரில் வேறு பேச்சில்லை. வலையைச் சுருட்டிவிட்டு எண்ணெய் மேடைக்கு ஆள் ஏற்றலாமா என்று அப்பாவே விசாரிக்கிறார்.

பயல் சாப்பிட வந்திருந்தான். கம்போ குழம்பு கொதிக்கிற நேரத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன்: நிறுத்து, தூக்கு, விலகு, விடு. 'லெட் கோ' அவன் வாயில் நுழையவில்லை. பத்து தரம் எழுதச் சொன்னேன். குனிந்து எழுத ஆரம்பித்தான். மூன்றாவது வரியில் பென்சிலைப் பிடுங்கிவிட்டேன்.

"ஏன் நோங்க்?" என்றான். சோறு ஆறுகிறது என்றேன்.