ஆவாரம் பட்டையைத் தேடிப் போன நாள்

தைப்பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்ட ஆவாரம்பூ தேடாத வீடு எங்கள் பக்கம் கிடையாது. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வாசலில் செருகுவோம். நாற்பது வருடமாக அந்தப் பூவைத் தெரியும். அதே செடியின் பட்டையை வைத்துத்தான் திண்டுக்கல்லில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டார்கள் என்பது போன வருடம்தான் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. மழை விட்டிருந்த ஒரு கார்த்திகைக் காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

வேடசந்தூர் தாண்டி, மானாவாரிக் காடும் கரடுமாக இருக்கும் ஒரு சிற்றூர். நண்பனின் உறவுக்கார ஆத்தா ஒருவர் அங்கே இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். கல்யாணமான புதிதில் பட்டை உரிக்கக் கூலிக்குப் போனவர்.

"மழைக்கப்புறம் வந்தியே தம்பி, அது நல்லது. வெயில் காலத்துல கட்டையோட ஒட்டிக்கும், உரிய வராது" என்றார். மழை குடித்த செடியில் சாறு ஓடும்போது பட்டை தானாக நெகிழ்ந்துகொடுக்குமாம்.

கட்டைவிரல் பருமனுக்கு இருந்த கிளைகளாகப் பார்த்து, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, சாய்வாக அரிவாளால் வெட்டினார். ஏன் இன்னும் கீழே வெட்டவில்லை என்று கேட்டேன். "தூரோட எடுத்துட்டா அடுத்த வருசம் எதை உரிக்கிறது?" சாண் உயரத்துக்கு விட்ட அடிக்கட்டையிலிருந்து மறுபடி நாலைந்து கிளை வெடித்து வரும். அவர் வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அப்படித் துளிர்த்து நின்ற செடி ஒன்றைக் காட்டினார்.

அப்புறம் கொட்டாப்புளி, அதாவது மரச் சுத்தியல். ஒரு கல்லின் மேல் குச்சியை வைத்து, உருட்டி உருட்டி, மெதுவாகத் தட்டிக்கொண்டே போகிறார். ஓங்கி அடித்தால் பட்டை நசுங்கி நார் நாராகிவிடும். சுற்றிலும் தட்டியதும் நகத்தால் ஒரு கீறல், ஒரு இழுப்பு. ரிப்பன் மாதிரி முழு நீளத்துக்கும் கழன்று வந்தது. நான் உரித்தது துண்டு துண்டாகத்தான் வந்தது. இரண்டு மணி நேரத்தில் அவர் கூடை பாதி நிறைந்திருந்தது. அந்த மணிக்கட்டு பழகிய பழக்கத்தை வேடிக்கை பார்ப்பதே பெரிய பாடம்.

உரித்த பட்டையில் ஒரு துணுக்கை வாயில் போட்டு மென்று பார்க்கச் சொன்னார். நாக்கு சுருங்கி, கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடித்தது. கடுக்காயைக் கடித்தது போன்ற துவர்ப்பு. அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. துவர்ப்பு என்று நாம் சொல்வதே டானின்தான். எச்சிலில் உள்ள புரதத்தை அது பற்றிக்கொள்வதால்தான் நாக்கு வறண்டு இழுக்கிறது. ஆட்டுத் தோலிலும் அதே வேலைதான் நடக்கிறது: தோலின் புரத நார்களை டானின் பிணைத்துவிடும், அதற்குப் பிறகு தோல் அழுகாது. ஆவாரம் பட்டையில் ஏறக்குறைய 18 சதவீதம் டானின் உண்டு.

உரித்ததை வெயிலில் காய வைக்க வேண்டும். காயும்போது நனைந்தால் சாரம் இறங்கிவிடும். "குச்சி அடுப்புக்கு, பட்டை காசுக்கு" என்றார் ஆத்தா. எதையும் வீணாக்கியதில்லை.

மதியம் திண்டுக்கல். பழைய தொட்டிகள் இன்னும் இருக்கும் ஒரு தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடும் இடத்துக்கு, போனேன். வாடை கடுமைதான், கொஞ்ச நேரத்தில் பழகிவிடுகிறது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, முடியும் சதையும் நீங்கிய தோல், பட்டை ஊறிச் சாரம் இறங்கிய பட்டைத் தண்ணிக்கு வருகிறது. பெரியவர் பாய் பொறுமையாக விளக்கினார். முதலில் பழைய, சாரம் குறைந்த தண்ணி. அப்புறம்தான் படிப்படியாகப் புதிய தண்ணி. எடுத்த எடுப்பில் கெட்டித் தண்ணியில் போட்டால் மேல்புறம் மட்டும் இறுகி, நடுவில் பச்சையாகவே நின்றுவிடும். ஓரத்தில் சின்னதாக வெட்டி, நடுவில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். கோடு மறையும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கடைசியில் கடுக்காய்த் தண்ணி, பிறகு எண்ணெய்.

இந்தக் கடுக்காய் முடிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1840 வாக்கில் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்த சார்லஸ் டி சூசா என்பவர்தான் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார் என்பார்கள். அப்படிப் பதனிட்ட தோல்தான் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் சீமைக்குக் கப்பலேறியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. 1912இல் பல்லாவரத்தில், பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் தோல் பதனிடும் குரோம் தோல் கம்பெனி வந்து, குரோம்பேட்டை என்று ஓர் ஊருக்கே பெயரானது தனிக்கதை.

பட்டை முறையில் பதனிடும் ஷாப்புகளிலும் இன்று பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் பொடிதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து மூட்டையாக வருகிறது. அதன் பட்டையில் டானின் ஆவாரையைவிட இரண்டு மடங்கு, வேலையும் சீக்கிரம் முடியும். ஷாப்புக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பக்கத்துக் கரட்டில் கிடைக்கும் பட்டைக்கு வாங்க ஆளில்லாமல் போனதும், அந்த ஆத்தாவோடு ஒரு கைத்தொழில் நின்றுபோகும் நிலையில் இருப்பதும் எனக்கு வலிக்கிறது. பட்டை முறை என்றால் மாசே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு பட்டை, குரோம் இரண்டு முறையிலும் தண்ணீரில்தான் கலக்கிறது. குரோமியம் மட்டும் பட்டை முறையில் இல்லை.

கிளம்பும்போது பாய் இரண்டு தோல் துண்டுகள் கொடுத்தார். ஒன்று ஆவாரையில் மட்டும் ஊறியது, இன்னொன்று கடுக்காயும் கண்டது. "வெயில் படுற இடத்துல வச்சுப் பாருங்க தம்பி" என்றார். ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு வாரத்தில் முதல் துண்டு செங்கல் நிறத்துக்குச் சிவந்துவிட்டது. கடுக்காய் கண்ட துண்டு அதே வெளிர் மஞ்சளில் இருக்கிறது.